சாலைத் தடுப்பு வேலி

சாலைத் தடுப்பு வேலி என்பது, கட்டுப்பாட்டை இழந்து சாலையை விட்டு விலகும் ஊர்தி ஒன்று, தடுப்பில் மோதுவதைக் காட்டிலும் கூடுதலான தீங்கை விளைவிக்கக்கூடிய ஓர் இடத்தையோ பொருளையோ சென்றடையாமல் தடுப்பதற்காகச் சாலையின் ஓரத்திலோ நடுவிலோ நெடுக அமைக்கப்படும் கட்டமைப்பு ஆகும். செங்குத்தான சரிவுகள், ஆறுகள், பாலத் தூண்கள், பெரிய மரங்கள், எதிர்த்திசையில் வரும் ஊர்திகள் ஆகியவை இவ்வாறு மறிக்கப்படும் ஆபத்துகளுள் முதன்மையானவை. இத்தடுப்புகள் எஃகுத் தகடு, எஃகு வடம், கான்கிரீட், மரம் முதலியவற்றால் செய்யப்படுகின்றன.

தடுப்பு வேலி விபத்து நிகழாமல் தடுப்பதில்லை. நிகழும் விபத்தின் கடுமையைக் குறைப்பதே அதன் பணியாகும். தடுப்பு வேலியும் சாலையோரத்தில் நிற்கும் ஒரு தடைப்பொருளே என்பதால், அதில் மோதுபவர் காயமடையலாம், இறக்கவும் நேரிடலாம். எனவே எங்கே தடுப்பு அமைக்க வேண்டும், எங்கே அமைக்கக் கூடாது, எவ்வகைத் தடுப்பு எவ்விடத்துக்குப் பொருந்தும் என்பவற்றை ஆராய்வது சாலைப் பொறியியலின் ஒரு முக்கியப் பிரிவாக வளர்ந்துள்ளது.

அடிப்படைக் கொள்கை

சாலையை விட்டு விலகும் ஓட்டுநர் எப்போதும் குற்றம் புரிந்தவர் என்று கொள்ள முடியாது. தூக்கம், களைப்பு, மழையில் வழுக்குதல், சக்கரம் வெடித்தல், குறுக்கே வந்த விலங்கைத் தவிர்க்க முயலுதல் எனப் பல காரணங்களால் ஊர்தி விலகலாம். காரணம் எதுவாயினும், ஒரு கணத் தவறுக்கு உயிரே விலையாகக் கூடாது என்பதே மன்னிக்கும் சாலையோரம் எனப்படும் கருத்தின் சாரம் ஆகும்.

இக்கருத்தின்படி, சாலையோரத்தில் ஓர் ஆபத்தான பொருள் இருக்குமாயின் பொறியாளர் பின்வரும் தீர்வுகளை இந்த வரிசையிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்:

1. அப்பொருளை முற்றாக அகற்றுதல்.
2. ஊர்தி அதைப் பாதுகாப்பாகக் கடந்து செல்லும் வகையில் மாற்றி அமைத்தல்.
3. சாலையிலிருந்து தொலைவான இடத்துக்கு மாற்றுதல்.
4. மோதும்போது எளிதில் ஒடியும் வகையில் அதன் அடிப்பகுதியை அமைத்தல்.
5. தடுப்பு வேலியால் மறித்தல்.
6. இவற்றுள் எதுவும் இயலாதபோது, எச்சரிக்கைக் குறிகளால் அதனைத் தெளிவாக அடையாளம் காட்டுதல்.

தடுப்பு வேலி இவ்வரிசையில் ஐந்தாவது இடத்திலேயே வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஓரிரு மரங்களை அகற்றினாலே போதும் என்ற இடத்தில் நூறு மீட்டர் நீளத் தடுப்பு வேலி அமைத்தால், ஊர்திகள் மோதக்கூடிய பரப்பு பன்மடங்கு கூடிவிடுகிறது.

சாலையின் விளிம்பிலிருந்து தடைகள் ஏதுமின்றி விடப்படும் பகுதி தெளிநிலப் பகுதி எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சோதனைத் திடலில் நடந்த ஆய்வுகள், சாலையை விட்டு விலகும் ஊர்திகளுள் ஏறத்தாழ 80% ஊர்திகள் 9 மீட்டர் அகலத்துக்குள் மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன எனக் காட்டின. அதிவேகச் சாலைகளில் 9 மீட்டர் என்ற அளவு நீண்ட காலம் வழிகாட்டியாக இருந்ததற்கு இதுவே காரணம். சாலையோரச் சரிவும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு நான்கு மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கிடைத்தூரம் உள்ள சரிவில் ஓட்டுநர் ஊர்தியை மீட்டுக்கொள்ள இயலும். கிடைத்தூரம் மூன்று மீட்டருக்கும் குறைந்தால் ஊர்தி உருண்டுவிடும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய இடங்களில் தடுப்பு வேலி தேவையா என்பது ஆராயப்படும்.

விபத்தின் காரணமும் அதன் விளைவின் கடுமையும் வெவ்வேறானவை என்பதற்கு, ஆகஸ்ட் 31, 1997 அன்று பாரிஸ் நகரின் ஆல்மா சுரங்கப்பாதையில் நிகழ்ந்த விபத்து ஓர் எடுத்துக்காட்டு. வேல்ஸ் இளவரசி டயானா உட்பட மூவர் அதில் இறந்தனர். ஓட்டுநரின் மதுபோதையும் மிகை வேகமுமே விபத்துக்குக் காரணம் எனப் பிரெஞ்சு விசாரணை முடிவு செய்தது. ஆனால் மகிழுந்து மோதிய சதுரத் தூண், எவ்விதத் தடுப்பும் இன்றி ஊர்திப் பாதையின் அருகிலேயே நின்றது. தூண்களின் வரிசைக்கு முன்னால் தொடர்ச்சியான தடுப்பு இருக்குமாயின், ஊர்தி தூணில் நேராக மோதி நிற்பதற்குப் பதிலாகத் தடுப்பை உரசியபடி வழுக்கிச் செல்லும் வாய்ப்பு இருந்திருக்கும்.

வரலாறு

தானியங்கி ஊர்திகள் பரவத் தொடங்கிய காலத்தில் மலைச்சாலைகளிலும் பாலங்களை அணுகும் இடங்களிலும் கற்சுவர்கள், மரத்தூண்கள், தூண்களுக்கிடையே கட்டப்பட்ட வடங்கள் ஆகியவை தடுப்பாகப் பயன்பட்டன. இவை பெரும்பாலும் சாலையின் விளிம்பை ஓட்டுநருக்குக் காட்டும் அடையாளங்களாகவே இருந்தன. வேகமாக வரும் ஊர்தியைத் தாங்கும் வலிமை இவற்றுக்கு இருக்கவில்லை. 1930களில் அலைபோல் மடிக்கப்பட்ட எஃகுத் தகடுகள் தடுப்பாகப் பயன்படத் தொடங்கின. இவற்றைத் தயாரித்த ஓர் அமெரிக்க உருக்காலையின் சுருக்கப் பெயரான ஆர்ம்கோ என்பது, பிரித்தானியாவில் இன்றும் எஃகுத் தடுப்பு வேலிக்கான பொதுப் பெயராக வழங்குகிறது.

கான்கிரீட் நடுத்தடுப்பு 1940களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் ஒரு மலைச்சாலை இறக்கத்தில் அமைக்கப்பட்டது. நிறுத்துகருவி செயலிழந்த சரக்குந்துகள் எதிர்த்திசைப் பாதைக்குள் பாய்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். இதே சிக்கலை எதிர்கொண்ட நியூ ஜெர்சி மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான வடிவம் 1955இல் முதன்முதலாக நிறுவப்பட்டது. அப்போது அதன் உயரம் 18 அங்குலம் (ஏறத்தாழ 46 செமீ) மட்டுமே. நடைமுறையில் நிகழ்ந்த விபத்துகளைக் கவனித்து அது படிப்படியாக உயர்த்தப்பட்டு, 1959இல் 32 அங்குலம் (ஏறத்தாழ 81 செமீ) என்ற அளவை அடைந்தது. உலகெங்கும் காணப்படும் நியூ ஜெர்சித் தடுப்பு இதுவே.

1960களில் ஐக்கிய அமெரிக்காவில் புதிய விரைவுச்சாலைகள் கட்டப்பட்டபோது, அவற்றின் ஓரங்களே உயிரிழப்புக்குக் காரணமாவது தெரியவந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரான ஜோசப் லிங்கோ என்பவர், ஆபத்தாக நின்ற கம்பங்களையும் தவறாக அமைக்கப்பட்ட தடுப்பு வேலிகளையும் பல ஆண்டுகளாகப் படம் எடுத்துச் சேர்த்தார். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அப்படங்களைக் காட்டி அவர் சாட்சியம் அளித்தார். அதே ஆண்டில் மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம், சாலையோரப் பாதுகாப்பு குறித்து மஞ்சள் நூல் என அழைக்கப்படும் அறிக்கையை வெளியிட்டது. சாலையோர வடிவமைப்பு ஒரு தனிக் கல்வியாக வளர இவை வழிவகுத்தன.

ஐரோப்பாவில் சுவீடன் நாடாளுமன்றம், சாலை விபத்துகளில் எவரும் இறக்கவோ கடுமையாகக் காயமடையவோ கூடாது என்பதை இலக்காகக் கொண்ட பூச்சிய நோக்கு என்னும் கொள்கையை 1997இல் ஏற்றது. மறு ஆண்டில், யாவ்லே நகருக்கு வடக்கே ஈ4 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில், மூன்று தடங்களைக் கொண்ட சாலையின் நடுவே எஃகு வடத் தடுப்பு அமைக்கப்பட்டது. ஒரு திசைக்கு இரு தடங்களும் மறு திசைக்கு ஒரு தடமும் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி வழங்கப்பட்டன. நேருக்கு நேர் மோதல்கள் பெரிதும் இல்லாமற் போனதால் இவ்வகைச் சாலைகளில் உயிரிழப்புகள் நான்கில் மூன்று பங்களவு குறைந்தன. புதிய நான்குவழிச் சாலை கட்டும் செலவு இன்றியே இப்பயன் கிடைத்தது.

செயற்படும் முறை

தடுப்பு வேலி, ஊர்தியைச் சுவர்போல் மறித்து நிறுத்துவதற்கு அமைக்கப்படுவதன்று. சாய்வான கோணத்தில் மோதும் ஊர்தியைத் தடுப்புக்கு இணையான திசையில் திருப்பி, அதன் வேகம் படிப்படியாகக் குறையுமாறு செய்வதே அதன் வேலை.

இதனை ஒரு கணக்கீட்டால் விளக்கலாம். 2270 கிலோகிராம் நிறையுள்ள ஊர்தி ஒன்று மணிக்கு 100 கிமீ வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27.8 மீட்டர் வேகத்தில், தடுப்போடு 25 பாகைக் கோணத்தில் மோதுவதாகக் கொள்வோம். ஊர்தியின் மொத்த இயக்க ஆற்றல் ஏறத்தாழ 876 கிலோஜூல். ஆனால் தடுப்புக்குச் செங்குத்தான திசையில் அதன் வேகம் நொடிக்கு 11.7 மீட்டர் மட்டுமே. அவ்வேகத்துக்குரிய ஆற்றல் ஏறத்தாழ 156 கிலோஜூல். இது மொத்தத்தில் 18% ஆகும். தடுப்பு உடனடியாக எதிர்கொள்ள வேண்டியது இந்தப் பகுதியை மட்டுமே. எஞ்சிய ஆற்றலோடு ஊர்தி தடுப்பின் வழியே நகர்ந்து, உராய்வினாலும் நிறுத்துகருவியினாலும் மெல்ல ஓய்வுக்கு வருகிறது.

செங்குத்துத் திசை வேகம் எவ்வளவு தூரத்தில் இல்லாமற் போகிறது என்பதைப் பொறுத்தே பயணிகள் உணரும் அதிர்ச்சி அமைகிறது. ஊர்தியின் நசுங்கலும் தடுப்பின் விலகலும் சேர்ந்து ஒரு மீட்டர் இருப்பின், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 7 மடங்காகும். அத்தூரம் அரை மீட்டராகக் குறைந்தால் அது 14 மடங்காகிவிடும். எனவே வளைந்து கொடுக்கும் தடுப்பு பயணிகளுக்கு மென்மையானது. ஆனால் அது வளைவதற்குப் பின்புறம் வெற்றிடம் வேண்டும். மென்மைக்கும் இடத்துக்கும் இடையிலான இந்த முரண்பாடே தடுப்பு வகையைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மைக் காரணியாகிறது.

வகைகள்

மோதும்போது எவ்வளவு விலகுகின்றன என்பதன் அடிப்படையில் தடுப்புகள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன.

நெகிழ் தடுப்புகள்

இவை மெல்லிய தூண்களால் தாங்கப்படும் மூன்று அல்லது நான்கு எஃகு வடங்களால் ஆனவை. வடம் ஒவ்வொன்றும் பொதுவாக 19 மிமீ விட்டம் உடையது. ஊர்தி மோதியதும் தூண்கள் எளிதில் மடிந்துவிட, வடங்கள் ஊர்தியைப் பிடித்து வழிநடத்துகின்றன. விலகல் இரண்டு மூன்று மீட்டர் வரை இருக்கலாம் என்பதால், அகலமான நடுப்பகுதி உள்ள சாலைகளுக்கே இவை ஏற்றவை. அமைக்கும் செலவு குறைவு. பனி பெய்யும் நாடுகளில் பனி இவற்றின் அருகே குவியாமல் ஊடுருவிச் செல்வது மற்றொரு நன்மை. ஒவ்வொரு மோதலுக்குப் பின்னரும் தூண்களை மாற்ற வேண்டியிருப்பது இவற்றின் குறைபாடு.

பகுதி விறைப்புத் தடுப்புகள்

நெடுஞ்சாலைகளில் மிகுதியாகக் காணப்படுபவை இவையே. குறுக்குவெட்டில் ஆங்கில எழுத்தான டபிள்யூ போன்று இரண்டு அலைகளாக மடிக்கப்பட்ட, ஏறத்தாழ 31 செமீ அகலமுள்ள எஃகுத் தகடு, வரிசையான தூண்களின் மீது பொருத்தப்படுகிறது. மூன்று அலைகளாக மடிக்கப்பட்ட அகலமான தகடும் உண்டு. கனரக ஊர்திகள் மிகுந்த இடங்களிலும் பாலங்களை அணுகும் இடங்களிலும் அது பயன்படுகிறது.

இவ்வமைப்பின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு:

- தகடு: ஊர்தி அழுத்தும்போது ஒரு நாடாவைப் போல் இழுவிசையைத் தாங்கி, அவ்விசையை இருபுற முனைகளுக்கும் கடத்துகிறது. தகட்டின் இரு முனைகளும் நிலத்தில் நன்கு நங்கூரமிடப்படாவிடில் இது நிகழாது.
- தூண்: தகட்டை உரிய உயரத்தில் தாங்குகிறது. மோதலின்போது மண்ணில் சாய்ந்தும் மடிந்தும் ஆற்றலை உட்கொள்கிறது.
- இடைக்கட்டை: தூணுக்கும் தகட்டுக்கும் இடையில் வைக்கப்படும் மரம், நெகிழி அல்லது எஃகாலான கட்டை. சக்கரம் தூணில் சிக்கிக்கொள்ளாமல் விலக்கி வைப்பதும், தூண் பின்னோக்கிச் சாயும்போது தகடு கீழிறங்காமல் காப்பதும் இதன் பணி.
- இணைப்புகள்: தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மரையாணிகளால் இணைக்கப்படுகின்றன. ஊர்திகள் செல்லும் திசையில் முதலில் வரும் தகடு மேலே இருக்குமாறு அடுக்கப்படும். மாற்றி அடுக்கினால் தகட்டின் விளிம்பு ஊர்தியில் குத்திக்கொள்ளும்.

ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலம் தகட்டின் மேல்விளிம்பு 27 அங்குல (ஏறத்தாழ 69 செமீ) உயரத்தில் அமைக்கப்பட்டது. உயரமான தனியார் ஊர்திகள் பெருகியபோது அவை இத்தகட்டின் மீது ஏறிக் கவிழும் ஆபத்து தோன்றியது. நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட புதிய அமைப்பில் உயரம் 31 அங்குலமாக (ஏறத்தாழ 79 செமீ) உயர்த்தப்பட்டது. தகடுகளின் இணைப்புகள் தூண்களின் மீது அமையாமல் இரு தூண்களுக்கு நடுவே அமையுமாறும் அதில் மாற்றப்பட்டன.

விறைப்புத் தடுப்புகள்

கான்கிரீட் தடுப்புகள் மோதலின்போது ஏறக்குறைய விலகுவதேயில்லை. நடுப்பகுதி குறுகலாக உள்ள சாலைகளுக்கும் பாலங்களுக்கும் இவை ஏற்றவை. நியூ ஜெர்சித் தடுப்பின் முகம் இரண்டு சாய்வுகளைக் கொண்டது. கீழ்ப்பகுதி கிடைத்தளத்துடன் 55 பாகையிலும் மேற்பகுதி 84 பாகையிலும் சாய்ந்திருக்கும். இரு சாய்வுகளும் சாலைமட்டத்திலிருந்து 13 அங்குல (33 செமீ) உயரத்தில் சந்திக்கின்றன. சிறு கோணத்தில் ஊர்தி உரசும்போது அதன் சக்கரம் கீழ்ச்சாய்வில் சற்றே ஏறி, ஊர்தியின் எடையே அதனை மீண்டும் சாலைக்குத் திருப்புகிறது. இதனால் ஊர்தியின் உடற்பகுதி தடுப்பில் உராயாமல் பெரும்பாலும் தப்பிக்கிறது.

பெரிய கோணத்தில் மோதினால் இதே சாய்வு சிறிய ஊர்திகளை உயரத் தூக்கிக் கவிழ்த்துவிடக்கூடும். இதைக் குறைக்கச் சாய்வுகள் சந்திக்கும் உயரத்தை 10 அங்குலமாகக் (25 செமீ) குறைத்த எஃப் வடிவமும், ஒரே சாய்வு உடைய தடுப்பும் உருவாக்கப்பட்டன. ஒற்றைச் சாய்வுத் தடுப்பில், சாலையின் மீது புதிய தார் அடுக்குகள் இடப்படும்போதும் முகத்தின் வடிவம் மாறுவதில்லை.

சாலைப்பணி நடக்கும் இடங்களில், முன்கூட்டியே வார்க்கப்பட்ட கான்கிரீட் துண்டுகள் தற்காலிகத் தடுப்பாக வைக்கப்படுகின்றன. இத்துண்டுகள் ஒன்றோடொன்று முளைகளால் இணைக்கப்படுவது கட்டாயம். இணைக்காமல் வெறுமனே வரிசையில் வைக்கப்பட்ட துண்டுகள் மோதலில் பிரிந்து, அவையே ஆபத்தாக மாறுகின்றன.

முனைகளின் சிக்கல்

தடுப்பு வேலியின் மிக ஆபத்தான பகுதி அதன் தொடக்க முனையாகும். எதிர்வரும் ஊர்திக்கு நேராக மொட்டையாக நிற்கும் தகட்டு முனை, ஈட்டியைப் போல் ஊர்தியினுள் பாய்ந்து பயணிகளைக் கொல்லக்கூடியது. இதைத் தவிர்க்கத் தகட்டை முறுக்கிச் சரிவாக மண்ணுக்குள் புதைக்கும் முறை 1960களில் பரவியது. அது ஈட்டிச் சிக்கலைத் தீர்த்தபோதிலும் வேறொரு சிக்கலை உருவாக்கியது. புதைந்த முனை ஒரு சாய்தளம் போல் செயற்பட்டு, ஊர்தியை மேலே ஏற்றிக் கவிழ்த்தது. அல்லது எந்தப் பொருளை மறிக்க வேலி அமைக்கப்பட்டதோ அதன் மீதே கொண்டுபோய் மோதியது.

பின்னர் எளிதில் முறியும் தூண்களைக் கொண்ட முனைகளும், ஆற்றலை உட்கொள்ளும் முனைகளும் உருவாயின. பிந்தியவற்றில் தகட்டின் முனையில் ஒரு தலைப்பகுதி பொருத்தப்பட்டிருக்கும். ஊர்தி அதில் நேராக மோதியதும் தலைப்பகுதி தகட்டின் வழியே பின்னோக்கி நகர்ந்து, தகட்டைத் தட்டையாக்கிச் சாலைக்கு வெளிப்புறமாகச் சுருட்டி வெளியேற்றும். தகட்டை உருமாற்றுவதில் ஊர்தியின் ஆற்றல் செலவழிகிறது.

இத்தகைய கருவியில் ஓர் அங்குல வேறுபாடும் முக்கியமானது என்பதை ஓர் அமெரிக்க வழக்கு வெளிக்கொணர்ந்தது. ஒரு தயாரிப்பாளர் 2005இல் தலைப்பகுதியின் வழிகாட்டிப் பகுதியை 5 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகக் குறைத்ததை அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. 2014இல் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகர நடுவர் குழு தயாரிப்பாளருக்கு எதிராக முடிவு செய்ய, 2015இல் 66 கோடி டாலருக்கும் கூடுதலான தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. விவரம் அறிந்த பின்னரும் அரசுத் துறை அக்கருவிக்கு ஒப்புதலைத் தொடர்ந்தது என்பதைச் சுட்டி, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அத்தீர்ப்பை நீக்கியது. எனினும் இடைக்காலத்தில் பல மாநிலங்கள் அக்கருவியைப் புதிதாக நிறுவுவதை நிறுத்தியிருந்தன.

மோதல் தணிப்பான்கள்

சாலை இரண்டாகப் பிரியும் இடத்தின் கூர்முனை, மேம்பாலத் தூண், கான்கிரீட் தடுப்பின் தொடக்கம் ஆகிய இடங்களில் ஊர்தி நேராக மோத வாய்ப்புண்டு. அங்கே வழிநடத்துவதற்குப் பதிலாக ஊர்தியை மெல்ல நிறுத்த வேண்டியுள்ளது. இதற்கு மோதல் தணிப்பான்கள் பயன்படுகின்றன.

இவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ஃபிட்ச் தடுப்பு ஆகும். அமெரிக்கப் பந்தய ஓட்டுநரான ஜான் ஃபிட்ச், ஜூன் 11, 1955 அன்று பிரான்சின் லெ மான் பந்தயத்தில் பியர் லெவேயின் இணை ஓட்டுநராக இருந்தார். லெவே ஓட்டிய மகிழுந்து பார்வையாளர் பகுதியில் சிதறியதில் அவரும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தனர். அதன் பின் ஃபிட்ச் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சாலைப் பாதுகாப்புக் கருவிகளை உருவாக்குவதில் செலவிட்டார். அவர் உருவாக்கிய தடுப்பு, மணல் நிரப்பிய நெகிழிப் பீப்பாய்களின் வரிசையாகும். முன்வரிசைப் பீப்பாய்களில் மணல் குறைவாகவும் பின்வரிசைகளில் படிப்படியாக மிகுதியாகவும் இருக்கும். ஊர்தி ஒவ்வொரு பீப்பாயையும் உடைக்கும்போது தன் உந்தத்தின் ஒரு பகுதியை மணலுக்குக் கொடுத்து வேகம் இழக்கிறது.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

நன்கு சோதிக்கப்பட்ட தடுப்பும் தவறாக அமைக்கப்பட்டால் பயனற்றுப் போகும். பரவலாகக் காணப்படும் தவறுகள் பின்வருமாறு:

- போதாத நீளம்: ஊர்தி பாலத்தூணுக்கு நேர் எதிரில் சாலையை விட்டு விலகுவதில்லை; பல பத்து மீட்டருக்கு முன்பே விலகித் தூணை நோக்கிச் சாய்வாகச் செல்கிறது. எனவே தூணின் முன்னால் மட்டும் சில மீட்டர் வேலி அமைத்தால், ஊர்தி அதன் பின்புறமாகச் சென்று தூணில் மோதும்.
- பின்புறத்தில் போதிய இடமின்மை: தடுப்புக்கும் அது மறிக்கும் பொருளுக்கும் இடையே, மோதலின்போது தடுப்பு விலகும் தூரத்தைவிடக் கூடுதலான இடைவெளி வேண்டும்.
- முன்புறத்தில் உயர்ந்த விளிம்புக்கல்: வேகமாக வரும் ஊர்தியின் சக்கரம் விளிம்புக்கல்லில் மோதித் துள்ளினால், ஊர்தி தடுப்பைத் தாண்டிச் செல்லக்கூடும்.
- சரிவின் விளிம்பில் தூண்: தூணுக்குப் பின்னால் போதிய மண் இல்லாவிடில் தூண் எதிர்ப்பின்றிச் சாய்ந்துவிடும்.
- இணைப்பில் திடீர் மாற்றம்: வளையும் எஃகுத் தடுப்பு வளையாத பாலச் சுவரைச் சந்திக்கும் இடத்தில், தகடு பை போல் உட்குழிந்து ஊர்தியைச் சுவரின் முனைக்கே இட்டுச் செல்லும். இதைத் தவிர்க்கப் பாலத்தை நெருங்க நெருங்கத் தூண்களின் இடைவெளியைக் குறைத்தும் தகட்டை இரட்டித்தும் விறைப்பைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தகட்டின் முனை பாலச் சுவரோடு உறுதியாக இணைக்கப்படவும் வேண்டும்.

சோதனைத் தரங்கள்

தடுப்புகள், உண்மையான ஊர்திகளை அவற்றின் மீது மோதவிட்டே சோதிக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1993இல் வெளியான 350ஆம் எண் அறிக்கையும், பின்னர் 2009இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்ட மாஷ் எனப்படும் கையேடும் சோதனை முறைகளை வரையறுத்தன. மாஷ் கையேட்டின் மூன்றாம் நிலைச் சோதனையில், 1100 கிகி நிறையுள்ள மகிழுந்தும் 2270 கிகி நிறையுள்ள பிக்கப் ஊர்தியும் மணிக்கு 100 கிமீ வேகத்தில் 25 பாகைக் கோணத்தில் மோதவிடப்படுகின்றன. ஐந்தாம் நிலையில் 36,000 கிகி நிறையுள்ள இழுவைச் சரக்குந்து மணிக்கு 80 கிமீ வேகத்தில் 15 பாகையில் மோதவிடப்படுகிறது.

ஐரோப்பாவில் ஈஎன் 1317 என்னும் தரம் பின்பற்றப்படுகிறது. ஊர்தியைத் தாங்கும் திறன், மோதலின்போது தடுப்பு எடுத்துக்கொள்ளும் அகலம், பயணிகள் மீதான தாக்கம் ஆகிய மூன்றும் தனித்தனியே அளவிடப்படுகின்றன. என்2 நிலைக்கு 1500 கிகி மகிழுந்தும், எச்2 நிலைக்கு 13,000 கிகி பேருந்தும் பயன்படுத்தப்படுகின்றன. கனமான பேருந்தைத் தாங்கும் தடுப்பு சிறிய மகிழுந்துக்கு மிகக் கடினமானதாக அமைந்துவிடக் கூடாது என்பதால், உயர்நிலைத் தடுப்புகள் 900 கிகி மகிழுந்தாலும் சோதிக்கப்படுகின்றன.

இந்தியாவில்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. தடுப்புகளுக்கான வழிகாட்டு நெறிகளை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தனது 119ஆம் எண் ஆவணமாக 2015இல் வெளியிட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் பரவலாக உள்ள எஃகுத் தடுப்பில், 3 மிமீ தடிப்புள்ள துத்தநாகம் பூசிய இரட்டை அலைத் தகடு, 2 மீட்டர் இடைவெளியில் நடப்பட்ட எஃகுத் தூண்களின் மீது பொருத்தப்படுகிறது.

பழைய மலைச்சாலைகளில் கற்சுவர்களும், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டிய குட்டைத் தூண்களும் இன்றும் காணப்படுகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலை, 40 வளைவுகளைக் கொண்ட வால்பாறைச் சாலை போன்றவற்றில் ஊர்திகளின் வேகம் குறைவு. ஆனால் வளைவில் மோதும் கோணம் பெரிது, பள்ளமும் ஆழமானது. எனவே சமவெளி நெடுஞ்சாலைக்குரிய தடுப்பை அவ்வாறே மலைச்சாலைக்குப் பொருத்த இயலாது. சுழலும் உருளைகளைக் கொண்ட தடுப்புகளும் இந்திய மலைச்சாலைகள் சிலவற்றில் அமைக்கப்பட்டுள்ளன.

செப்டம்பர் 4, 2022 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தின் கான்கிரீட் சுவரில் மகிழுந்து ஒன்று மோதியதில், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்பட இருவர் இறந்தனர். பின்னிருக்கையில் இருந்த இவர்கள் இருவரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. அதே வேளையில், பாலச் சுவர்களின் முனைகள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்ற கேள்வியையும் இவ்விபத்து நாடளவில் எழுப்பியது.

2023 மார்ச்சு மாதத்தில், மகாராட்டிரத்தின் வணி-வரோரா நெடுஞ்சாலையில் 200 மீட்டர் நீளத்துக்கு மூங்கிலால் செய்யப்பட்ட தடுப்பு நிறுவப்பட்டது. பாகுபலி எனப் பெயரிடப்பட்ட இதில், பூச்சி அரிக்காதவாறு பதப்படுத்திய மூங்கிலின் மீது மறுசுழற்சி நெகிழி பூசப்பட்டுள்ளது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள்

மகிழுந்துப் பயணிகளைக் காக்கும் தடுப்பு வேலி, மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு அதே காப்பை அளிப்பதில்லை. வளைவில் வழுக்கி விழுந்தவர் தரையோடு சறுக்கிச் சென்று, தகட்டுக்குக் கீழே உள்ள தூண்களில் மோதுகிறார். தூணின் கூரிய விளிம்புகள் கை கால்களைத் துண்டிக்கும் அளவுக்குக் காயப்படுத்தக்கூடியவை. இதற்குத் தீர்வாகப் பிரான்சு, ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளைவுகளின் வெளிப்புறத் தடுப்புகளில், முதன்மைத் தகட்டுக்குக் கீழே தரையை ஒட்டி இரண்டாவது தகடு பொருத்தப்படுகிறது. சறுக்கி வருபவர் தூணில் மோதாமல் தகட்டின் மீதே வழுக்கிச் செல்ல இது உதவுகிறது.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்களுள் ஏறத்தாழ 44.5% பேர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். மகிழுந்துகளையும் சரக்குந்துகளையும் மட்டும் கொண்டு சோதிக்கப்பட்ட தடுப்புகள் இத்தகைய நாடுகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பராமரிப்பு

ஒருமுறை மோதப்பட்ட எஃகுத் தடுப்பு மறுமுறை காக்கும் என்று சொல்ல இயலாது. மடிந்த தூண், கிழிந்த தகடு, தளர்ந்த நங்கூர வடம் ஆகியவை விரைவில் மாற்றப்பட வேண்டும். சாலையின் மீது ஒவ்வொரு முறை புதிய தார் அடுக்கு இடப்படும்போதும் தடுப்பின் உயரம் அந்த அளவுக்குக் குறைகிறது. இரண்டு மூன்று அடுக்குகளுக்குப் பின், வேலி கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தாலும் ஊர்தி அதன் மீது ஏறிவிடும் நிலை ஏற்படுகிறது. கழன்ற மரையாணிகள், திருடப்பட்ட தகடுகள், அரிக்கப்பட்ட மண் ஆகியவையும் அவ்வப்போது கவனிக்கப்பட வேண்டியவை.

ஜப்பானில் 2005ஆம் ஆண்டில், தடுப்பு வேலிகளில் கூரிய முக்கோண உலோகத் துண்டுகள் செருகியிருப்பது கண்டறியப்பட்டது. நாடு முழுவதும் தேடியபோது பல்லாயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்ததால், யாரோ வேண்டுமென்றே செருகியதாக முதலில் ஐயம் எழுந்தது. அரசின் ஆய்வுக்குழு, வேலியை உரசிச் சென்ற ஊர்திகளின் உடற்தகடே தகடுகளின் இணைப்புகளில் சிக்கிக் கிழிந்து துண்டுகளாக நின்றது என முடிவு செய்தது. எவரும் முறையிடாத, எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத அத்தனை உரசல்களையும் தடுப்பு வேலிகள் ஓசையின்றித் தாங்கியிருந்தன என்பதையும் அத்துண்டுகள் காட்டின.